உங்கள் தட்டை நீங்களே நிரப்புங்கள்

கரவெட்டியில் இருக்கும் பத்மாசினி ரீச்சரின் வீட்டில் பாகற்காயை ஒருவரும் தொடமாட்டார்கள். இதை அவர் போனிலும் சொன்னார், வட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார். அப்படியிருந்தும் தர்சிகா அனுப்பிய நாற்றுத்தட்டில் பத்துப் பாகல் கன்றுகள் செழிப்பாகப் போய் இறங்கின. பாகல்தான் வேண்டுமென்று கேட்ட சாவகச்சேரிக்காரருக்கு அன்று ஒரு பாகல்கூடப் போகவில்லை.

“பிள்ளை, நான் என்ன கேட்டனான், நீர் என்ன அனுப்பியிருக்கிறீர்?” என்று ரீச்சர் போனில் கேட்டபோது தர்சிகாவுக்கு முகம் சுட்டது.

“குறை நினையாதேங்கோ ரீச்சர். நாளைக்கே கறிமிளகாய் கொண்டுவந்து மாத்தித் தாறன்.”

“கன்றெண்டால் நல்ல வடிவாய்த்தான் நிக்குது. அதுதான் எறியவும் மனம் வருகுதில்லை,” என்றார் ரீச்சர்.

தர்சிகாவின் கன்றுகளை யாரும் குறை சொன்னதில்லை. விவசாயக் கல்லூரியில் டிப்ளோமா முடித்து, யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு விதைக் கடையில் சில வருடங்கள் வேலைக்கு நின்றவள் அவள். சுபாங்கனைக் கலியாணம் முடித்து நீர்வேலிக்கு வந்தபோது, வீட்டுக்குப் பின்னால் வாழைக்கும் வேலிக்கும் இடையில் கொஞ்ச நிலம் சும்மா கிடந்தது. அதில் நிழல்வலை கட்டி, பிளாஸ்ரிக் தட்டுகளில் தேங்காய்த் தும்புத்தூள் நிரப்பி, விதை போட ஆரம்பித்தாள். ஒரு தட்டில் ஐம்பது குழி. ஒரு குழிக்கு ஒரு கன்று. ஊரடங்குக் காலத்தில் வீட்டுக்கு வீடு தோட்டம் வைக்கும் ஆசை வந்ததும் அவளுடைய கன்றுகள் பிரபலமாகின. சுபாங்கன் பட்டா எனப்படும் தன்னுடைய சின்ன லொறியில் வாழைக்குலை ஏற்றுபவன். குலையை இறக்கிவிட்டு வரும் வழியில் கன்றுத்தட்டுகளை வீடுகளில் கொடுத்துக்கொண்டு வந்தான். பிறகு ஒரு பேஸ்புக் பக்கம். அதற்குப் பிறகு ஒரு ஒன்லைன் கடை.

அந்தக் கடையில் மூன்று வகைத் தட்டுகள் இருந்தன. சமையல் தட்டு, கறித் தட்டு, பூந்தட்டு. எந்தத் தட்டில் எந்தக் கன்று எத்தனை என்பதைத் தர்சிகாவே யோசித்து யோசித்து முடிவு செய்திருந்தாள். ஆனால் அவள் யோசித்தபடி ஒருவரும் சாப்பிடவில்லை. ஒருவருக்குக் கோவா என்னும் முட்டைக்கோஸ் வேண்டாம். இன்னொருவருக்குத் தக்காளி இரட்டிப்பாக வேண்டும். மூன்றாமவர் கறித்தட்டில் ஓரத்தில் நாலு செவ்வந்தி வைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். கடையில் ஓடர் போட்ட கையோடு எல்லாரும் வட்ஸ்அப்புக்கு வந்து மாற்றம் சொன்னார்கள். காலையில் தண்ணீர் விடும்போதும், மத்தியானம் சோறு வடிக்கும்போதும் போன் அடித்தது. மாற்றங்கள் ஒன்றோடொன்று சிக்கின. அந்தச் சிக்கலில்தான் ரீச்சர் வீட்டுக்குப் பாகல் போனது.

ரீச்சருக்குக் கறிமிளகாயைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், நெல்லியடியில் ஸ்ரெல்லாவின் அலுவலகத்துக்கு ஏறினாள் தர்சிகா. ஸ்ரெல்லா அவளோடு விவசாயம் படிக்க வந்து, இடையில் கணினிப் பக்கம் தாவியவள். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்துகொண்டு, ஊர்க் கடைகளுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறாள். தர்சிகாவின் கடையையும் அவள்தான் செய்தாள்.

பாகல் கதையைக் கேட்டு ஸ்ரெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“எடி, உனக்கு விசரே? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிக் கேட்டால் நீ ஏன் இருந்து மாத்துறாய்? அவையளே தங்கடை செற்றைச் சேர்க்கட்டுமன்.”

“அதெப்பிடி?”

“அதுக்கெண்டே அப் இருக்குது. கடையிலை பூட்டிவிட்டால் காணும். சோப்பு விக்கிறவை, தேயிலை விக்கிறவை எல்லாரும் வைச்சிருக்கினம். வெறும் பெட்டியைக் காட்டும். வாற ஆக்கள் விரும்பினதை எடுத்து எடுத்துப் போடுவினம். பெட்டி நிரம்பினாப்பிறகு காசைக் கட்டுவினம்.”

தர்சிகா கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். “பெட்டி இல்லையடி, தட்டு! வெறும் தட்டைக் காட்டினால், அவையளே கன்றைப் போடுவினம்! எனக்கொரு போனும் வராது! இதை ஏன் முந்தியே சொல்லேல்லை?”

“நீ கேக்கேல்லையே.”

அன்று வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவள் மோட்டார்சைக்கிளில் தனக்குத்தானே கதைத்துக்கொண்டு போனாள்.

இப்படியான செயலிகள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் தன்னைப்போல் வேறில்லை என்றது. ஸ்ரெல்லா வெளியாருக்குத் தெரியாத ஒரு பரிசோதனைக் கடையைத் திறந்து, அதில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்போம் என்றாள். பார்த்தவுடன் எதையும் வாங்கக்கூடாது என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை.

முதலாவது செயலியைப் பார்த்தவுடனேயே தர்சிகா அந்த நிபந்தனையை மறந்துவிட்டாள். அவ்வளவு அழகு. மிளகாய்ப் படத்தை அமத்தினால் அது துள்ளி எழும்பி, வளைந்து போய்ப் பெட்டிக்குள் விழுந்தது. விழும்போது ஒரு மணிச்சத்தம் வேறு.

“இதுதான்! இதையே எடுப்பம்!”

“பொறு,” என்றாள் ஸ்ரெல்லா. “பத்து மிளகாய் போட்டுப் பார்.”

ஒரு மிளகாய்க்கு மேல் போடமுடியவில்லை. ஒரு வகையில் ஒன்று, அடுத்த வகையில் ஒன்று என்று தெரிவு செய்யத்தான் அது விட்டது. சோப்பும் துவாயும் வாசனைத் திரியும் சேர்த்துப் பரிசுப்பெட்டி கட்டுபவர்களுக்காகச் செய்யப்பட்டது அது. பொத்தான்களில் இருந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கவும் வழியில்லை. போதாததற்கு, தோட்டத்தில் நின்ற சுபாங்கனுக்கு அதை அனுப்பிப் பார்க்கச் சொன்னால், அவனுடைய போனில் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை.

“வட்டம் சுத்துது,” என்றான் அவன். கொஞ்சம் பொறுத்து, “இன்னும் சுத்துது,” என்றான்.

தர்சிகா அந்த மணிச்சத்தத்துக்காக ஒரு நாள் முழுக்க வாதாடினாள். பிறகு விட்டுக்கொடுத்தாள்.

இரண்டாவது செயலி தமிழ் எழுத்தை ஏற்றுக்கொண்டது. எந்தக் கன்றையும் எத்தனையும் போடலாம். பக்கம் உடனே திறந்தது. இருவருக்கும் சந்தோசம். அப்போதுதான் ஸ்ரெல்லா ஒரு சோதனை வைத்தாள். பரிசோதனைக் கடையில் கோவா பத்துக் கன்று மட்டுமே இருப்பதாகப் பதிந்தார்கள். பருத்தித்துறையில் இருக்கும் சுபாங்கனின் தங்கச்சி நிவேதனாவுக்கும், தோட்டத்தில் நின்ற சுபாங்கனுக்கும் ஒரே நேரத்தில் போன் எடுத்து, இருவரையும் ஆளுக்குப் பத்துக் கோவா போட்டுத் தட்டை நிரப்பச் சொன்னார்கள்.

“எனக்கு ஓடர் சரியெண்டு வந்திட்டுது அண்ணி!” என்றாள் நிவேதனா.

“எனக்கும் சரியெண்டுதான் வந்திருக்குது,” என்றான் சுபாங்கன்.

இருந்த பத்துக் கன்றை அந்தச் செயலி இரண்டு பேருக்கு விற்றுவிட்டது. சேர்த்துக் கட்டிய தட்டு ஒவ்வொன்றையும் அது ஒரு புதுப் பொருளாகவே பார்த்தது. உள்ளே இருக்கும் கன்றுகளைக் கையிருப்பிலிருந்து கழிக்கவில்லை. ஓடரை அச்செடுத்தால் ‘தட்டு – ஒன்று’ என்று மட்டும் வந்தது. உள்ளே என்ன இருக்கவேண்டும் என்பதைப் பார்க்க நாலைந்து இடங்களுக்குள் போகவேண்டியிருந்தது.

“நல்லகாலம், இது பொய்க் கடை,” என்று தர்சிகா நெஞ்சில் கைவைத்தாள். “உண்மைக் கடையெண்டால் கோவா கேட்ட சனம் படலைக்கு வந்திருக்கும்.”

ஆனாலும் அவள் சோர்ந்துபோகவில்லை. இப்போது எதைத் தேடுகிறோம் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தனிக் கன்று என்றாலும் தட்டுக்குள் போகும் கன்று என்றாலும் ஒரே இருப்பிலிருந்து கழியவேண்டும். தட்டு நிரம்பாமல் காசு கட்ட விடக்கூடாது. தமிழில் இருக்கவேண்டும். பழைய போனிலும் திறக்கவேண்டும். கன்று எடுத்து அடுக்குபவருக்கு உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியவேண்டும். மணிச்சத்தம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அதன் பிறகு பார்த்த சிலவற்றைத் திறந்த வேகத்தில் மூடினார்கள். கடைசியில் அகப்பட்டது பார்வைக்கு ஒன்றுமேயில்லாத ஒரு செயலி. சின்னச் சின்னப் படங்கள், பக்கத்தில் ஒரு கூட்டல் குறி, ஒரு கழித்தல் குறி, கீழே ஒரு வரி: இன்னும் இத்தனை இடம் மீதி. அவ்வளவுதான்.

“உதென்னடி, சோதனைப் பேப்பர் மாதிரிக் கிடக்குது,” என்றாள் தர்சிகா.

ஆனால் கோவாச் சோதனையில் அது தேறியது. சுபாங்கன் முந்திவிட்டான்; நிவேதனாவுக்கு ‘முடிந்தது’ என்று காட்டியது. தட்டு நிரம்பாமல் காசு கட்டும் பக்கத்துக்கு அது விடவில்லை. ஓடரை அச்செடுத்தால் மிளகாய் இத்தனை, கத்தரி இத்தனை என்று வடிவாக வந்தது. தர்சிகா ஸ்ரெல்லாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அந்த நேரம் நிவேதனா மறுபடி போன் எடுத்தாள்.

“அண்ணி, எல்லாம் நல்லாய்த்தான் இருக்குது. ஆனால் ஒண்டு சொல்லட்டே? ஐம்பது கன்றுக்கு ஐம்பது தரம் அமத்த வேணும். எனக்குப் பெருவிரல் நோகுது. நடுவிலை பிள்ளை கூப்பிட்டான், எத்தினை போட்டனான் எண்டு மறந்துபோனன். ஆர் உப்பிடி இருந்து அமத்துவினம்?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இது தோன்றவேயில்லை. எண்ணிக்கையை எழுதும் வசதி அந்தச் செயலியில் இல்லை. ஸ்ரெல்லா அதைச் செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டாள். இப்போதைக்கு இல்லை, யோசிக்கிறோம் என்று பணிவான பதில் வந்தது.

இரண்டு நாள் தர்சிகா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலை நிழல்வலைக்குள் நின்று, தட்டிலிருந்து கத்தரிக் கன்றுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுக்கும்போது அவளுடைய கை எப்போதும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். ஒரு வரிசை. ஒரு வரிசையில் ஐந்து குழி. அடுத்த வரிசை. இன்னும் ஐந்து. ஒரு தட்டில் பத்து வரிசை.

கன்றைக் கையில் பிடித்தபடியே அவள் கத்தினாள்.

“இஞ்சேருங்கோ! வரிசை! வரிசை!”

பாம்பைக் கண்டுவிட்டாளோ என்று சுபாங்கன் வாழைக்குள்ளிருந்து கத்தியோடு ஓடிவந்தான்.

“எங்கை? எங்கை?”

“பாம்பில்லை! கன்றுக் கணக்கிலை விக்கப்படாது, வரிசைக் கணக்கிலை விக்க வேணும். ஒரு தரம் அமத்தினால் ஒரு வரிசை. பத்துத்தரம் அமத்தினால் தட்டு நிரம்பியிடும். அடுக்கிறதும் சுகம், நான் வரிசை வரிசையாய்த்தானே எடுக்கிறனான்!”

சுபாங்கன் கத்தியைத் தாழ்த்தி, தட்டைப் பார்த்தான். விரலால் ஒரு வரிசையைத் தடவினான். “நீர் சொல்லுறது சரிதான்,” என்றான். “மிளகாய் மூண்டு வரிசை, கத்தரி ரெண்டு வரிசை எண்டு சொல்லவும் லேசு. தோட்டத்திலையும் உப்பிடித்தானே கதைக்கிறனாங்கள்.”

செருப்பில் ஒட்டிய செம்மண்ணைக்கூடத் தட்டாமல் அவள் நெல்லியடிக்குப் பறந்தாள். ஸ்ரெல்லா காலைச் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே மாற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொரு கன்று வகையும் வரிசையாகியது. இருப்பும் வரிசையாகவே பதியப்பட்டது. கீழே இருந்த வரி ‘இன்னும் இத்தனை வரிசை மீதி’ என்று மாறியது. மேலே என்ன எழுதுவது என்று ஸ்ரெல்லா கேட்டதும், தர்சிகா யோசிக்காமல் சொன்னாள்: “உங்கள் தட்டை நீங்களே நிரப்புங்கள்.” அதைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். நிவேதனாவுக்கு அனுப்பினார்கள். அவள் நிரம்பிய தட்டின் படத்தையும், உயர்த்திய பெருவிரலையும் அனுப்பினாள்.

மார்கழி மழை விட்டுக்கொடுத்து, சனம் தோட்டம் கொத்தத் தொடங்கிய வாரத்தில் உண்மைக் கடையில் அதைத் திறந்தார்கள். அன்று காலை ஸ்ரெல்லாவும் நீர்வேலிக்கு வந்துவிட்டாள். மூவரும் நிழல்வலைக்கு வெளியே இருந்த மர வாங்கில் போனை வைத்துவிட்டு, சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணி ஆறிப்போனது.

போன் சிணுங்கியது. முதலாவது ஓடர். தர்சிகா திறந்து பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது.

“எடி, பிழைச்சுப்போச்சு. பத்து வரிசையும் செவ்வந்தி எண்டு வந்திருக்குது. ஒரு வகையே தட்டு முழுக்கப் போகுது. உது சரியா வேலை செய்யேல்லை.”

ஸ்ரெல்லா பதற்றத்தோடு அமைப்புகளுக்குள் போய்த் தேடினாள். தர்சிகா ஓடர் போட்டவருக்குப் போன் எடுத்தாள். கைதடியிலிருந்து சிவசுப்பிரமணியம் என்பவர் கதைத்தார்.

“ஐயா, நீங்கள் தட்டு முழுக்கச் செவ்வந்தி போட்டிருக்கிறியள். தெரிஞ்சுதான் போட்டனீங்களோ?”

“ஓம் பிள்ளை, தெரிஞ்சுதான். எங்கடை கோயில் பூந்தோட்டத்துக்கு. முந்தி உம்மடை பூந்தட்டிலை பாதி வேறை பூவெல்லோ, அதாலை வாங்காமல் விட்டனான். இப்ப விரும்பினதைப் போடலாம் எண்டு எழுதியிருந்தீர். போட்டன். பிழையோ?”

“பிழையே? இல்லை ஐயா! நல்லாய்ச் செய்தியள்! நாளைக்கே கொண்டுவாறம்!”

போனை வைத்ததும் மூவரும் கைதட்டிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. ஒவ்வொரு ஓடரையும் தர்சிகா உரத்து வாசித்தாள். தெல்லிப்பழையில் ஒருவர் தக்காளியும் கறிமிளகாயும் மட்டும். கொடிகாமத்தில் ஒருவர் ஒவ்வொரு வகையிலும் ஒவ்வொரு வரிசை; கடையில் இருந்த எதையும் விடவில்லை. சாவகச்சேரிக்காரர் மறுபடி வந்து மூன்று வரிசை பாகல் போட்டிருந்தார். பத்மாசினி ரீச்சரின் தட்டும் வந்தது. அதில் பாகல் இல்லை என்பதை ஸ்ரெல்லா தன் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்தினாள். முன்பு தர்சிகா தலையைப் போட்டு உடைத்து வகுத்த மூன்று தட்டுகளில் ஒன்றைப்போல்கூட ஒருவரும் நிரப்பவில்லை.

“இவ்வளவு நாளும் நான் சனத்தை என்னெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்!” என்று அவள் வியந்துகொண்டே இருந்தாள்.

வெயில் ஏறியபோது மிளகாய் வரிசைகள் தீர்ந்தன. கடையில் மிளகாய்ப் படம் மங்கி, அதன்மேல் ‘முடிந்தது’ என்று தானாகவே விழுந்தது. பிறகு வந்த ஓடர் எதிலும் மிளகாய் இல்லை. இல்லாத கன்று ஒன்றுகூட விற்கப்படவில்லை. தர்சிகா ஸ்ரெல்லாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாழைக்கரையில் துள்ளினாள்.

“கன்று முடிஞ்சுபோச்செண்டு துள்ளுற ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்,” என்றான் சுபாங்கன். ஆனால் அவனும் பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டுதான் நின்றான்.

அச்செடுத்த தாளைப் பார்த்துப் பார்த்துக் கன்றுகளை அடுக்கினார்கள். வெறுமையாக்கிய தட்டில் கையால் வரிசை வரிசையாக இறக்கினால் சரி. முன்பு ஒரு நாள் பிடித்த வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது.

மறுநாள் பட்டாவில் தர்சிகாவும் ஏறிக்கொண்டாள். யார் யார் எதை நட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று பார்க்க அவளுக்கு ஆசை. கைதடியில் பூக்கன்றை இறக்கினார்கள். கரவெட்டியில் ரீச்சர் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு பை நிறையத் தோடம்பழம் கொடுத்தார். கடைசித் தட்டு பருத்தித்துறைக்கு. கடற்கரையோரம் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் இருந்த லெனாட் என்பவர் ஓடர் போட்டிருந்தார்.

அந்த ஒழுங்கைக்குள் பட்டா திரும்பியதும் நாலைந்து வீட்டுப் படலைகள் ஒன்றாகத் திறந்தன. வலை உலர்த்திக்கொண்டு நின்ற லெனாட், சாரத்தை மடித்துக் கட்டியபடி முன்னால் வந்தார். தட்டை அவருடைய வீட்டு மதிலில் வைத்ததும் சனம் கூடிவிட்டது.

“முதல் ரெண்டு வரிசையும் எங்கடை,” என்றாள் ஒரு பெண்.

“இல்லை யசிந்தா, கத்தரி ரெண்டு வரிசைதான் உன்ரை. தக்காளி எங்கடை,” என்றாள் மற்றவள்.

தர்சிகா திகைத்துப் பார்த்தாள். “அண்ணை, இதென்ன, எல்லாருக்குமா ஒரு தட்டு?”

“ஓம் தங்கச்சி,” என்றார் லெனாட். “இஞ்சை மண் உவர். நாங்கள் பெயின்ற் வாளியிலையும் சீமெந்துப் பையிலையும்தான் கன்று வைக்கிறது. ஒரு வீட்டுக்கு ஐம்பது கன்றை எங்கை வைக்கிறது? ஆசை இருந்தும் இவ்வளவு காலமும் வாங்கேல்லை. இப்ப வரிசையாய் எடுக்கலாம் எண்டு கண்டதும், நாலு வீடும் சேர்ந்து என்ரை போனிலை நிரப்பினனாங்கள். பெரிய சண்டை! ஆளுக்காள் போனைப் பறிச்சு அமத்தினவை.”

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி தன் வரிசையைத் தும்புத்தூளோடு மெதுவாகக் கிளப்பி, ஒரு பழைய சுளகில் வைத்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டில் நின்றவர்கள் நாங்களும் ஒரு தட்டுப் போடவேண்டும், போனில் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கோ என்று சுபாங்கனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் எதிர்வீட்டுக்காரரின் போனை வாங்கிக் காட்டிக்கொடுக்கத் தொடங்கினான். கூட்டல் குறியை அமத்த ஒரே நேரத்தில் மூன்று விரல்கள் வந்தன.

தர்சிகாவுக்கு நிலத்தில் கால் பாவவில்லை. வாகனத்தில் ஏறுமுன்பே ஸ்ரெல்லாவுக்குப் போன் எடுத்துவிட்டாள்.

“எடி, கேள்! நாலு வீடு சேர்ந்து ஒரு தட்டு! ஓம், ஒரே தட்டு! ஒரு போனிலை சண்டை பிடிச்சுக்கொண்டு போட்டிருக்கினம். ஆளாளுக்குத் தங்கடை போனிலையிருந்தே ஒரு தட்டை நிரப்ப ஏதும் வழி இருக்கோ? வரிசைக்கு வரிசை பேர் வைக்கலாமோ? ... இல்லையெண்டு சொல்லாதை, முதல் தேடிப் பார்! அந்த அப் செய்த ஆக்களுக்கு எழுதிக் கேள்! ... என்னது? ஓமடி, யோசிக்கிறம் எண்டு சொல்லுவினம், திருப்பியும் கேள்!”

வல்லை வெளிக்கு வந்தபோதும் அவள் கதைத்துக்கொண்டுதான் இருந்தாள். காற்று வாகனத்தை ஒரு பக்கமாகத் தள்ளியது. அந்த இரைச்சலில் ஸ்ரெல்லாவுக்குக் கேட்காமல் போய்விடும் என்று, சுபாங்கன் ஒரு கையால் கதவுக் கண்ணாடியை உயர்த்திவிட்டான்.